பெரிய வீட்டு ஊர்ல 320 சதுர அடி: எங்க குட்டி வீட்டோட நல்லதும் கஷ்டமும்

வணக்கம் மக்களே, எல்லாரும் நல்லாருக்கீங்களா. காத்து கொஞ்சம் வேகமா அடிக்குது, மைக்ல இரைச்சல் வந்தா பொறுத்துக்கங்க. திண்ணையில உக்காந்துதான் பேசுறேன், உள்ள பாப்பா தூங்குறா. இந்த மாதிரி வீட்ல ஒருத்தர் தூங்குனா இன்னொருத்தர் குரல் எழுப்பிப் பேச முடியாது, அது இன்னைக்குப் பேசப்போற கஷ்டத்துல ஒண்ணுதான்.

எங்க வீடு மொத்தம் 320 சதுர அடி. நானு, வீட்டுக்காரர், பாப்பா, மூணு பேரு. ஊரு கானாடுகாத்தானுக்குப் பக்கம். செட்டிநாடு பாத்தவங்களுக்கு இதக் கேட்டதும் ஆச்சரியமா இருக்கும், ஏன்னா இங்க ஒரு வீடுன்னா முகப்பு இந்தத் தெருவுல இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவுல இருக்கும். கானாடுகாத்தான் ராஜா வீடு 1912ல கட்டுனது, காரைக்குடி ஆயிரம் ஜன்னல் வீடு 1941ல கட்டுனது, ரெண்டையும் பாக்க பஸ் பஸ்ஸா வர்றாங்க. 2014ல யுனெஸ்கோவோட உலகப் பாரம்பரியச் சின்னத்துக்கான உத்தேசப் பட்டியல்லயே செட்டிநாட்டு ஊருங்க ஏறிடுச்சு. அப்படிப்பட்ட ஊர்ல எதுக்கும்மா இவ்ளோண்டு வீடு கட்டுறீங்கன்னு கேக்காதவங்க கிடையாது, எங்க அப்பத்தா உட்பட.

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். டைனி ஹவுஸ்னு யூட்யூப்ல பாக்குறோம்ல, அமெரிக்காவுல சக்கரம் வச்சு, உள்ள ஏணி வச்சு, எல்லாம் மரத்துல. அவங்க 2018 கட்டட விதியில டைனி ஹவுஸ்னா 400 சதுர அடிக்குள்ளன்னு எழுதியிருக்காங்க, மேல இருக்கற லாஃப்ட் அதுல கணக்கு இல்ல. நம்ம தமிழ்நாட்டு அரசு 2024ல கொண்டுவந்த கலைஞர் கனவு இல்லம் திட்டத்துல கட்டுறதுக்குக் காசு குடுத்த வீடு எவ்ளோ தெரியுமா, 360 சதுர அடி. அப்ப அங்க புதுமைன்னு சொல்றது இங்க லட்சக்கணக்கான குடும்பம் பொறந்து வளர்ந்த வீட்டு அளவு. அதனால நான் இத ஒரு ஃபேஷனா பேச மாட்டேன், அதுல நாலு பேரு அஞ்சு பேரு இருந்து புள்ளைங்கள படிக்க வச்சு கல்யாணம் பண்ணிக் குடுத்திருக்காங்க, அவங்கள விட இதப்பத்தி பேச யாருக்குத் தகுதி இருக்கு சொல்லுங்க. நம்ம நாமக்கல் பக்கத்து அருண் பிரபு ஆட்டோ மேல 36 சதுர அடியில ஒரு வீடு கட்டுனாரு, நியூஸ்ல வந்துச்சே, அதையும் பிரமிச்சுப் பாத்தேன், ஆனா அது ஒரு ஆளுக்கு. குடும்பம்னு வந்துட்டா கணக்கு வேற.

சரி, ஏன் இந்த முடிவுன்னா, பெரிய வீட்ல இருந்து பாத்ததுனாலதான். அப்பத்தா வீட்டப் பத்தி சொல்றேன், நல்லா கேளுங்க, ஏன்னா இதுலதான் விஷயமே இருக்கு. முகப்பு, அப்புறம் வளவு, அதாவது நடு முற்றம், ரெண்டாங்கட்டு, மூணாங்கட்டுன்னு போய்க்கிட்டே இருக்கும். வளவச் சுத்தி வரிசையா அறை. ஒரு பையனுக்குக் கல்யாணம் ஆச்சுன்னா அவன் ஒரு புள்ளி, அவனுக்கு ஒரு அறை, தனி அடுப்பு, தனி வரவு செலவு. அந்த அறை எவ்ளோ இருக்கும்னு நினைக்கிறீங்க? நான் டேப் வச்சு அளந்தேன், எங்க பங்குல வந்த அறை பத்துக்குப் பன்னெண்டு அடிதான். ஜன்னல் சின்னது, பகல்லயே லைட் போடணும். பீரோ, பெட்டி, சாமான்னு அடைச்சு வச்சிருப்பாங்க. ஆனா யாரும் அந்த அறைக்குள்ள வாழல. பட்டாலைன்னு சொல்ற ஒசந்த திண்ணையில உக்காந்து பேசுனாங்க, முற்றத்தச் சுத்தி இருக்கற பத்தியில படுத்தாங்க, வளவுல வத்தல் காய வச்சாங்க, மழை பெய்யுறப்ப ஓட்டுல வழியுற தண்ணிய அங்கயே அண்டாவுல புடிச்சாங்க. ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொந்தமா இருந்தது குட்டி எடம், வெளிய இருந்த பெரிய எடம் எல்லாருக்கும் பொது. நான் கட்டுனதும் அதே கணக்குலதான், பொது எடம்தான் இப்ப இல்ல, அதனால அத நானே உண்டாக்கிக்கணும்.

அதுக்குத்தான் இந்தத் திண்ணை. வீட்டோட முழு அகலத்துக்கும் இழுத்துட்டோம், ஆறு அடி ஆழம், மேல தாழ்வாரம் இறக்கி விட்டாச்சு. 320க்குள்ள இது சேராது. கொத்தனார் இந்த எடத்தையும் சுவர் வச்சு உள்ள எடுத்துக்கங்க, ஒரு ரூம் கிடைக்கும்னு எத்தனையோ தடவ சொன்னாரு, நான் முடியவே முடியாதுன்னுட்டேன். காலையில காப்பி இங்க, பாப்பா எழுதுறது படிக்கிறது இங்க, காய் நறுக்குறது இங்க, யாராச்சும் வந்தா பாதி பேரு உள்ள வர்றதே இல்ல. குட்டி வீடு கட்டுறவங்க யாரா இருந்தாலும் நான் சொல்றது இதுதான், வீட்ட எத்தனை அடின்னு கேக்காதீங்க, வெளிய நிழல் எத்தனை அடின்னு கேளுங்க. நிழல் இல்லாத குட்டி வீடு ஜெயிலு.

அடுத்து வெக்கை. சித்திரை வைகாசி இங்க எப்படி இருக்கும்னு வந்து பாத்தாதான் தெரியும். பெரிய வீடு ஏன் ஜில்லுன்னு இருக்குன்னா ஒசரம், நடுவுல திறந்த முற்றம், ஓட்டு மேல ஓடா அடுக்குன கூரை, தடிச்ச சுவர், சுண்ணாம்புப் பூச்சு. சூடு மேல ஏறி முற்றம் வழியா வெளிய போயிடும். அதையே ஒன்பது அடி ஒசரத்துல கான்கிரீட் போட்டு 300 சதுர அடில கட்டிப்பாருங்க, சாயங்காலம் ஏழு மணிக்கு மேலதான் கூரை சூட்ட இறக்க ஆரம்பிக்கும், நாம படுக்கப்போற நேரம் பாத்து. குட்டி வீட்ல தப்பிச்சுப் போக இன்னொரு ரூமும் கிடையாது. அதனால நாங்க ஒசரத்துல மட்டும் கஞ்சத்தனம் பண்ணல. 300 சதுர அடிய ஒன்பது அடி ஒசரத்துல கட்டுனா உள்ள இருக்கற காத்து 2,700 கன அடி, பன்னெண்டு அடி ஒசரம்னா 3,600. தரையில ஒரு அடி கூட கூடல, ஆனா தலைக்கு மேல அவ்ளோ எடம். எங்களுது சரிவா மங்களூர் ஓடு, உச்சியில ரெண்டு பக்கமும் சின்ன ஜாலி விட்டிருக்கு, இங்க பாருங்க கேமராவ தூக்கிக் காட்டுறேன், தெரியுதா, அது வழியாத்தான் வெக்கை போகுது. அந்த ஒசரத்துலதான் பரணும் வந்துச்சு. ஆனா ஒண்ணு, கோடையில பரண்ல மனுஷன் படுக்க முடியாது, வெக்கையெல்லாம் அங்கதான் தங்கும், யூட்யூப்ல லாஃப்ட் பெட்ரூம் பாத்து ஆசப்படுறவங்க நம்ம ஊரு வெயில நினைச்சுக்கங்க. சாமான் வைக்கத்தான் அது.

செலவு. குட்டி வீடு, செலவும் குட்டியா இருக்கும்னு நினைக்கிறாங்க. மொத்தத் தொகை கம்மிதான், இல்லங்கல. ஆனா சதுர அடிக்கு இவ்ளோன்னு கணக்குப் போட்டா பெரிய வீட்ட விட அதிகமா வரும். ஏன்னா போர் போடுற செலவு, செப்டிக் டேங்க், மோட்டாரு, கரண்ட் கனெக்‌ஷன், இதெல்லாம் வீடு 300 அடியா 1,500 அடியான்னு பாக்காது. வீட்லயே காசு அதிகம் முழுங்குறது அடுப்படியும் பாத்ரூமும், குட்டி வீட்ல பாதி எடம் அதுதான. ஹாலு பெட்ரூம்லாம் வெறும் சுவரும் தரையும், அத குறைக்கறதுனால மிச்சம் ரொம்ப வராது. அதனால கான்ட்ராக்டர் சதுர அடி ரேட்டச் சொன்னா அத அப்படியே 320ஆல பெருக்கி பட்ஜெட் போடாதீங்க, கொட்டேஷன ஐட்டம் வாரியா வாங்குங்க. ப்ளான் அப்ரூவலுக்கு 2024லேர்ந்து சுயசான்று முறை, அதாவது விதிப்படிதான் கட்டுறோம்னு நாமளே சான்று குடுக்கறது, வந்துருச்சு, 2,500 சதுர அடிக்குள்ள மனை, 3,500க்குள்ள வீடுன்னா ஆன்லைன்லயே முடிச்சுக்கலாம், அது குட்டி வீடு கட்டுறவங்களுக்கு நல்ல வசதி.

ஆனா குட்டி வீட்ல ஒரு சந்தோஷம் இருக்கு, நல்ல பொருளா போட முடியும். தரை ஃபுல்லா ஆத்தங்குடி கல்லு, அதான் கையால செய்யுற சிமெண்ட் டைல்ஸ். பத்துக்குப் பத்து இன்ச் கல்லுன்னா 300 சதுர அடிக்கு 430 கல்லு சொச்சம்தான் வேணும், அதே பெரிய வீடா இருந்தா ஹாலுக்கு மட்டும் போட்டுட்டு மத்த எடத்துக்கு மட்டமானதா வாங்கியிருப்போம். ஆத்தங்குடிக்கே போயி செய்யறதப் பாத்தோம். கண்ணாடி மேல அச்சு வச்சு ஒவ்வொரு கட்டத்துலயும் கலர் சிமெண்ட கரண்டியில ஊத்துறாங்க, அச்ச தூக்குறப்ப கலரு ஒண்ணோட ஒண்ணு கலக்காம நிக்குது, மேல உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, அப்புறம் ஈரக்கலவை போட்டு மட்டம் பண்றாங்க. சூளையே கிடையாது, காய வச்சு தண்ணித் தொட்டியில ஊறப்போடுறாங்க, அப்புறம் கண்ணாடிய எடுத்தா அந்தப் பக்கம் பளபளன்னு நிக்குது. நடக்க நடக்க, தேங்கா எண்ணெய் தொட்டுத் துடைக்கத் துடைக்க மினுக்கம் ஏறுது. ஆசிட் மட்டும் பக்கத்துலயே கொண்டு போகாதீங்க. கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல வாங்குன பழைய தேக்குக் கதவு. அத வாங்குறப்ப மனசு கனத்துச்சு, ஏன்னா அங்க வர்ற ஒவ்வொரு கதவும் எங்கயோ இடிச்ச ஒரு வீட்டுது. பங்காளிங்க நாப்பது அம்பது பேரா ஆயிட்டாங்க, ஆளுக்கொரு ஊரு நாடு, ஓடு மாத்தணும்னா எல்லாரும் சம்மதிச்சுக் காசு போடணும், அது நடக்காம நல்லாருந்த வீடெல்லாம் போகுது. எங்க வீட்ல ஓடு உடைஞ்சா ஒரு ஆள கூப்ட்டு அன்னைக்கே மாத்திடுறோம். பராமரிப்பு நம்ம கைக்குள்ள இருக்குங்கறது எனக்கு ரொம்பப் பெரிய நிம்மதி. வீடு கூட்டித் துடைக்க அரை மணி நேரம் கூட ஆகாது, வேலை பாக்குற பொம்பளைங்களுக்கு அது எவ்ளோ பெரிசுன்னு தெரியும்.

கஷ்டம் சொல்றேன். முதல் கஷ்டம் தாளிப்பு. நம்ம ஊரு சமையல், மிளகாய் வறுக்காம சோம்பு கல்பாசி வறுக்காம முடியுமா, வறுத்தா அந்த நெடி பெட்ஷீட் வரைக்கும் போயிடும். எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டும் பத்தல, கடைசியில பின்னாடி சின்னதா ஒரு சாய்ப்பு இறக்கி மசாலா வறுக்குறது, மீன் பொரிக்கிறதெல்லாம் அங்க மாத்திட்டோம். ரெண்டாவது ஐப்பசி கார்த்திகை மழை. துணி காயாது, உள்ள கொடி கட்டுனா வீடு முழுக்க ஈர வாடை.

மூணாவது சாமான். எங்க அம்மா எனக்குக் குடுத்த சீர் சாமான் இருக்கே, பித்தளை அண்டா, எவர்சில்வர், மங்கு சாமான், அதுல கால்வாசி கூட இங்க வைக்க முடியாது. மிச்சமெல்லாம் அப்பத்தா வீட்டு அறையில பூட்டிக் கிடக்கு. இத நான் மறைக்காம சொல்லணும், ஏன்னா நிறைய டைனி ஹவுஸ் வீடியோல சாமானே இல்லாம அழகா காட்டுவாங்க, அவங்க சாமான் வேற எங்கயோ யாரோ வீட்ல இருக்கும். நமக்கு விசேஷம்னா அண்டா குண்டான் வேணும், வித்துட்டு நிம்மதியா இருங்கன்னு சொல்ல எனக்கு மனசு வரல, அது அம்மா சேத்து வச்சது.

நாலாவது உறவுக்காரங்க. பிள்ளையார் நோன்புக்கு எல்லாரும் கூடி, மாவுல நூல் திரி வச்சு ஏத்துன இழை எடுத்துக்கணும்னா எங்க வீட்ல நிக்கக் கூட எடம் பத்தாது, அதனால நாங்க பெரிய வீட்டுக்குத்தான் போறோம். அப்பத்தா ரெண்டு நாள் தங்க வந்தா கட்டில் அவங்களுக்கு, நாங்க கீழ. ரெண்டு நாளுக்கு மேல ஆச்சுன்னா அவங்களுக்கே சங்கடம், “உங்களுக்கு எடஞ்சலா இருக்கேனோத்தா”ன்னு கேப்பாங்க. அந்தக் கேள்விய எங்க வீடு கேக்க வைக்குதேன்னுதான் எனக்கு வருத்தம். வயசானவங்க கூடவே இருக்கற குடும்பம்னா இந்த அளவு வேணாம், ஒரு கதவு போட்ட தனி அறை அவங்களுக்குன்னு கண்டிப்பா இருக்கணும். பொண்ணு பெரியவளாகுறப்பவும் அதேதான், எங்களுக்கும் இன்னும் சில வருஷத்துல அந்தத் தேவை வரும்.

அதனாலதான் மேற்குப் பக்கம் சுவர்ல ஜன்னலுக்குப் பதிலா ஒரு வாசல் அளவுக்கு மேல தாங்குற லிண்டல் கட்டை போட்டு செங்கல் வச்சு அடைச்சிருக்கோம், அஸ்திவாரமும் அந்தப் பக்கம் பத்தடி சேத்தே போட்டாச்சு. நாளைக்கு ஒரு அறை சேக்கணும்னா அந்த செங்கல எடுத்தா போதும், பழைய சுவர உடைக்க வேண்டாம். கட்டுறப்ப இதுக்கு ஆன கூடுதல் செலவு பெரிசா இல்ல, ஆனா பின்னாடி செய்யறதுன்னா ரெண்டு மடங்கு ஆகும்னு கொத்தனாரே சொன்னாரு. நீங்க ப்ளான் போடுறப்ப எந்தப் பக்கம் வளர்க்கலாம்னு முதல்லயே முடிவு பண்ணிட்டு செப்டிக் டேங்கயும் போரையும் அந்தப் பக்கம் வைக்காதீங்க, நிறைய பேரு அங்கதான் மாட்டிக்கிறாங்க. அடுத்த வீடியோல எந்த வேலைக்கு எவ்ளோ ஆச்சுன்னு பில்லு எல்லாத்தையும் வரிசையா காட்டுறேன். பாப்பா முழிச்சுட்டா, கூப்புடுறா, வரேன் மக்களே.