ஃபுட்பால் இல்லை அண்ணே, அது பாசி!

வணக்கம் மக்களே. பின்னால் சுவரில் புதுசாக ஒன்று தெரிகிறதா? ஏ3 போஸ்டர், லேமினேஷனோடு 380 ரூபாய்! போன மாதம் இதே கடையில் 250தான். ஏன் என்று கேட்டால், "மேட் ஃபினிஷ் சார்" என்கிறார் கடைக்காரர். மேட் யார் கேட்டது? அதுவும் போகட்டும், ஓரத்தை வெட்டி வைத்திருக்கிறார். "ஃபுட்பால்தானே சார், கொஞ்சம் போனால் என்ன?" என்று கேள்வி வேறு. 130 ரூபாய் கூட வாங்கிக்கொண்டு பேசுகிற பேச்சா இது?

போஸ்டரில் ஃபுட்பால் மாதிரி இருக்கிறாரே, இவர் பெயர் பிராருடோஸ்பேரா பிகலோவி. கடலில் மிதக்கும் ஒற்றைச் செல் பாசி. சுண்ணாம்பில் ஆன ஐங்கோணத் தகடுகள் 12 சேர்ந்த சட்டை. நம்ம சேனலில் டால்ஃபின், திமிங்கலத்துக்கெல்லாம் இடமில்லை என்று உங்களுக்கே தெரியும். ஆனால் இவருக்குச் சுவரையே கொடுத்துவிட்டேன், காரணம் இருக்கிறது.

நடுக்கடல் ஏன் அவ்வளவு நீலம்? உயிர் குறைவு, அதனால்தான். மேலே சூடான, லேசான தண்ணீர் மூடி போட்டுவிடுகிறது. அடியில் இருக்கும் நைட்ரேட், அதாவது உயிர் வளர வேண்டிய நைட்ரஜன் சத்து, மேலே அதிகம் ஏறுவதில்லை. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான், ஆனால் இரண்டு அணுவும் மூன்று பிணைப்பால் இறுகிக் கிடக்கின்றன. உர ஆலையில் அதை உடைக்க சுமார் 400 டிகிரி செல்சியஸ் சூடும் பயங்கர அழுத்தமும் வேண்டும். இந்தப் பாசிக்குள் இருக்கும் ஒரு துளி உறுப்பு கடல்நீர்ச் சூட்டிலேயே அந்த வேலையை முடித்துவிடுகிறது!

1998இல் அமெரிக்க விஞ்ஞானி ஜொனாதன் ஸேர் குழுவுக்குப் பசிபிக் நீரில் கிடைத்தது, நைட்ரஜனைப் பிடிக்கிற ஏதோ ஓர் உயிரின் மரபணுத் துண்டு மட்டும்தான். ஆளைக் காணோம். இன்னொரு பக்கம் ஜப்பானில் கியோகோ ஹகினோ, 300 தடவைக்கு மேல் கடல்நீர் அள்ளி, பத்து வருஷத்துக்கும் மேல் போராடி, இந்தப் பாசியை ஆய்வகத்தில் வளர்த்துக் காட்டினார். பிறகு அந்தச் செல்லின் உள்ளே எடுத்த எக்ஸ்ரே படத்தை எல்லோரும் புகழ்கிறார்கள். என் ஓட்டு ஹகினோவுக்குத்தான். 2024 ஏப்ரலில் முடிவு வந்தது: ஸேர் தேடிய ஆள் இந்தப் பாசிக்கு உள்ளேதான்; அது வெறும் விருந்தாளி பாக்டீரியா இல்லை, செல்லின் உறுப்பாகவே மாறிவிட்டது. பெயர் நைட்ரோபிளாஸ்ட். பாசி பிரியும்போது அதுவும் கூடவே பிரிகிறது.

அட, முக்கியமானதை விட்டுவிட்டேன். நைட்ரஜனைப் பிடிக்கும் நொதிக்கு ஆக்சிஜன் ஆகவே ஆகாது, பட்டால் கெட்டுப்போகும். நைட்ரோபிளாஸ்டின் மூதாதையோ நீலப்பச்சைப் பாசி; பெயரில்தான் பாசி, உண்மையில் அது பாக்டீரியா. ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜன் விடுகிற ஜாதி. நைட்ரோபிளாஸ்ட் ஆக்சிஜன் உண்டாக்கும் அந்தப் பகுதியையே தொலைத்துவிட்டது. சர்க்கரையைப் பாசி தரும், பதிலுக்கு இது நைட்ரஜன் தரும்.

அப்புறம், "நெல்லுக்குள் இதை வைத்தால் யூரியாவே வேண்டாம்" என்று தம்ப்நெயில் போடுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிகிறது. அதற்கு வேண்டிய புரதங்களில் நிறையப் பாசியின் மரபணுவிலிருந்துதான் போகின்றன. தனியே எடுத்துச் செருக அது என்ன மெமரி கார்டா?

அடுத்த வீடியோ டிரைக்கோடெஸ்மியம், கடலில் நைட்ரஜன் பிடிக்கும் இன்னொரு நீலப்பச்சைப் பாசி. சஹாரா தூசியில் வரும் இரும்பு அதற்கு எதற்கு என்று பார்ப்போம். சரி, வரட்டுமா!