முதுகலைத் தாளை யார் படிக்கிறார்கள்?

(புதுச்சேரியில் கல்லூரி, பல்கலைக்கழக ஆசிரியர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

அவையில் அமர்ந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் வணக்கம்.

காலாப்பட்டிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் வந்திருக்கிறீர்கள்; கடலூர், சிதம்பரம் பக்கத்துக் கல்லூரிகளிலிருந்தும் சிலர் வந்திருக்கிறீர்கள். உங்களில் பெரும்பாலோர் ஏதேனும் ஒரு பாடத்திட்டக் குழுவில் இருந்திருப்பீர்கள், அல்லது இனி இருக்கப்போகிறீர்கள். ஒரு முதுகலைத் தாள், அதாவது ஒரு பருவத்தில் நடத்தும் ஒரு பாடம், மாணவரின் கைக்கு வருவதற்குள் எத்தனை குழுக்களைக் கடந்து வருகிறது என்று பேசும்படி என்னிடம் கேட்டார்கள். குழுக்களை எண்ணிச் சொல்வது எளிது. அவற்றுள் எந்தக் குழு அந்தத் தாளை வரி வரியாகப் படிக்கிறது என்பதுதான் பேச வேண்டிய விஷயம். முதற்குழுவான பாடத்திட்டக் குழு படிக்காமல் விட்டுவிட்டால் அதற்கு மேல் எவரும் படிக்கப்போவதில்லை என்பது என் கருத்து. அதற்கான காரணங்களைச் சொல்கிறேன்.

முதலில் வழியைப் பார்த்துவிடுவோம். 1985ஆம் ஆண்டின் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவான புதுவைப் பல்கலைக்கழகத்தைப் போன்ற மத்தியப் பல்கலைக்கழகங்களில், துறை ஆசிரியர்கள் கூடி எழுதும் வரைவு பாடத்திட்டக் குழுவுக்கும், அங்கிருந்து தொடர்புள்ள பல துறைகளுக்குப் பொதுவான புலக் குழுவுக்கும், இறுதியில் கல்விக் குழுவுக்கும் செல்கிறது. பாடத்திட்டக் குழு பரிந்துரைக்கிறது. ஒப்புதல் தரும் அதிகாரம் மேலே இருக்கிறது. புதிய பணியிடம், புதிய ஆய்வகம் என்று செலவு வருமானால் நிதிக் குழுவும் நிர்வாகக் குழுவும் உள்ளே வருகின்றன. இணைவுபெற்ற கல்லூரி ஆசிரியர்களுக்கு இந்த வழியில் நேரடி இடம் குறைவு. கடலூர் மாவட்டக் கல்லூரிகள் சில ஆண்டுகளுக்கு முன்புவரை வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தை நடத்தின. இப்போது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தை நடத்துகின்றன. இரண்டிலும் வகுப்பறையில் நிற்கும் ஆசிரியர் பெரும்பாலும் வந்ததை வாங்கிக்கொள்பவராகத்தான் இருந்திருக்கிறார்.

தன் பாடத்திட்டத்தைத் தானே வகுத்துக்கொள்ளும் தன்னாட்சிக் கல்லூரியின் நிலை வேறு. பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிமுறைப்படி, துறைத் தலைவரின் தலைமையில் துறை ஆசிரியர்களும், வெளியிலிருந்து இரண்டு பாட வல்லுநர்களும், கல்லூரி முதல்வர் தரும் ஆறு பெயர்களிலிருந்து துணைவேந்தர் நியமிக்கும் ஒருவரும், தொழில்துறையிலிருந்து ஒருவரும், முதுகலை முடித்த முன்னாள் மாணவர் ஒருவரும் அதன் பாடத்திட்டக் குழுவில் அமர்கிறார்கள். 2023இல் தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்தின் மாதிரிப் பாடத்திட்டத்தை எல்லாக் கல்லூரிகளும் ஏற்க வேண்டும் என்ற பேச்சு எழுந்தபோது தன்னாட்சிக் கல்லூரி ஆசிரியர்கள் எதிர்த்ததற்குக் காரணம், தங்கள் கையில் இருக்கும் இந்த ஒரு குழுவும் வெறும் சடங்காகிவிடும் என்ற அச்சம்தான். நியாயமான அச்சம். ஆனால் அரசு தலையிடுவதற்கு முன்பே நம்மில் பலர் அதைச் சடங்காகத்தான் நடத்திக்கொண்டிருந்தோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காலை பத்தரை மணிக்குக் கூட்டம், பதினொன்றுக்குத் தேநீர், வெளி வல்லுநர் மதியப் பேருந்தைப் பிடிக்க வேண்டும், பயணப்படி பில்லில் கையெழுத்து வாங்கும் அவசரத்தில் பன்னிரண்டு தாள்கள் ஒரே தீர்மானத்தில் நிறைவேறுகின்றன.

கல்விக் குழு பார்த்துக்கொள்ளும் என்று நினைப்பவர்கள் அந்தக் குழுவின் அஜெண்டாவை ஒருமுறை கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். இயற்பியல் முதல் நாடகம் வரை எல்லாத் துறைகளின் இணைப்புகளும் நூற்றுக்கணக்கான பக்கங்களில் அதில் இருக்கும். வணிகவியல் பேராசிரியர் வேதியியல் தாளின் மூன்றாம் யூனிட்டைப் பற்றி என்ன கருத்துச் சொல்ல முடியும்? அவர் பார்க்கக்கூடியது கிரெடிட் கணக்கு, அதாவது ஒவ்வொரு தாளுக்கும் தரும் எடையின் கணக்கு, சரியாக இருக்கிறதா, விதிகளுக்கு முரணாக ஏதும் உண்டா, இரண்டு துறைகள் ஒரே தாளை நடத்துகின்றனவா என்பவற்றை மட்டுமே. அவை தேவையான சோதனைகள்தாம். தாளின் தரத்தைப் பற்றிய சோதனை அவற்றில் இல்லை.

அந்தச் சோதனையைக் கிரெடிட்டிலிருந்தே தொடங்கலாம். நம் வரைவுகளில் கிரெடிட் என்பது வாரத்துக்கு எத்தனை மணி வகுப்பு என்ற கால அட்டவணைக் கணக்காகவே நின்றுபோயிருக்கிறது. 2023இல் வந்த தேசியக் கிரெடிட் கட்டமைப்பு, ஒரு கிரெடிட்டுக்கு மாணவரின் உழைப்பு 30 மணி நேரம் என்று கொள்கிறது. ஐரோப்பாவில் அது 25 முதல் 30 மணி நேரம். அமெரிக்கக் கூட்டரசின் விதியோ வாரம் ஒரு மணி வகுப்பு என்றால் அதற்கு வெளியே இரண்டு மணி உழைப்பு என்று வைக்கிறது. 15 வாரத்துக்கு 45 மணி நேரம் வருகிறது. நம் கணக்கையே எடுத்துக்கொள்வோம். நான்கு கிரெடிட் தாளுக்கு 120 மணி நேரம். வாரம் நான்கு மணியாக 15 வாரங்களில் வகுப்பறையில் செலவாவது 60. மீதி 60 மணி நேரத்தில் மாணவர் என்ன செய்யப்போகிறார்? வரைவில் ஐந்து யூனிட்டுகள் இருக்கும், நூல் பட்டியல் இருக்கும், அகமதிப்பீட்டுக்கு 40, பருவத் தேர்வுக்கு 60 என்றோ 25, 75 என்றோ மதிப்பெண் இருக்கும். அந்த 60 மணி நேரத்தைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. ஒரு பருவத்துக்கு ஐந்து தாள்கள் என்றால் வகுப்புக்கு வெளியே வாரம் இருபது மணி நேரம். மாலையில் துணிக்கடையில் வேலை பார்த்துவிட்டு விழுப்புரத்துக்குப் பேருந்து ஏறும் மாணவர் நம் வகுப்புகளில் இருக்கிறார். அவரால் அது முடியுமா, முடியாவிட்டால் நூலகத்திலும் ஆய்வகத்திலும் பகல் நேரத்திலேயே அதற்கு இடம் ஒதுக்க வேண்டுமா என்பதைப் பாடத்திட்டக் குழு பேசாவிட்டால் வேறு யார் பேசுவார்கள்?

இதை ஒரு கற்பனைத் தாளை வைத்து விளக்குகிறேன். சுற்றுச்சூழல் துறை ஒன்று ‘கடற்கரை அரிப்பும் மீட்பும்’ என்று நான்கு கிரெடிட்டில் ஒரு விருப்பத் தாளைக் கொண்டுவருகிறது என்று வைத்துக்கொள்வோம். நம் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான தாள் கிடைக்காது. 1980களின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காகக் கட்டிய அலைத்தடுப்புச் சுவர்கள் மணலின் ஓட்டத்தை மறித்ததால் நகரத்தின் கடற்கரை மணலை இழந்தது. கல் கொட்டிக் கரையைக் காத்தபோது அரிப்பு வடக்கே நகர்ந்து தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் பக்கம் போயிற்று. 2018இல் கடலுக்கடியில் ஒரு தடுப்பு அமைப்பை நிறுவியபின் தலைமைச் செயலகத்தை ஒட்டி மணல் மீண்டும் சேர்ந்தது. இவ்வளவும் வரைவில் இருக்கும், யாவரும் தலையசைப்பார்கள். குழுவின் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

முதல் யூனிட் ‘கடற்கரையின் வரையறை, வகைகள்’ என்றிருந்தால் அது இளங்கலையில் படித்தது. எடுத்துவிடச் சொல்ல வேண்டும். அலைகளின் ஆற்றலைக் கணக்கிட அடிப்படைக் கணிதம் தேவை. அது இல்லாமல் வரும் மாணவருக்கு என்ன ஏற்பாடு? புவி அறிவியல் துறைக்கும், புதுவைப் பல்கலைக்கழகத்தின் போர்ட் பிளேர் வளாகத்தில் கடலோரப் பேரிடர் மேலாண்மை நடத்துபவர்களுக்கும் வரைவை அனுப்பிக் கருத்துக் கேட்டார்களா? இன்னொன்று, எந்தப் பருவத்தில் இதை நடத்துவது? இந்தக் கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி வடக்கு நோக்கி நகர்கிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தெற்கு நோக்கித் திரும்புகிறது. ஜூலையில் தொடங்கும் பருவத்தில் வைத்தால் திசை மாறும் வேளையில் மழையும் தேர்வும் சேர்ந்து வந்துவிடும். ஜனவரியில் தொடங்கினால் இரண்டு திசைகளையும் மாணவர் தம் கையால் அளந்து பார்க்க வாய்ப்பு உண்டு. கால அட்டவணையில் ஒரு கட்டத்தை மாற்றினால் தாளின் பயன் இருமடங்காகிறது. அதைக் கேட்கும் வாய்ப்பு முதல் மேசையில் மட்டுமே இருக்கிறது.

கடைசியாகத் தேர்வு. ‘கடற்கரை அரிப்பின் காரணங்களை விளக்குக’ என்பது இளங்கலைக் கேள்வி. மூன்று மாத அளவீட்டைக் கொடுத்து, எந்த இடத்தில் மணல் கொட்டினால் நிற்கும், எங்கே நிற்காது என்று காரணத்துடன் எழுதச் சொல்வது முதுகலைக் கேள்வி. யூனிட்டுகளின் தலைப்பைப் பார்த்து ஒரு தாள் எந்த நிலைக்குரியது என்று தீர்மானிக்கவே முடியாது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில், இளநிலை மாணவரும் முதுநிலை மாணவரும் ஒரே வகுப்பில் அமரும் தாளாக இருந்தால், முதுநிலை மாணவர் கூடுதலாக என்ன செய்ய வேண்டும், அதை எப்படி மதிப்பிடுவீர்கள் என்று எழுதித் தராமல் அனுமதி கிடைக்காது. முதுநிலைக் கல்விக்கென்றே தனியாக ஓர் ஆசிரியர் மன்றம் வைத்து அதைப் பார்க்கிறார்கள். நமக்கும் அந்தக் கேள்வி வந்துவிட்டது. நான்காண்டு இளங்கலை முடித்தவருக்கு ஓராண்டு முதுகலை என்று பல்கலைக்கழக மானியக் குழு 2024இல் கட்டமைப்பு வெளியிட்டிருக்கிறது. நான்காம் ஆண்டு இளங்கலைத் தாளையே எண்ணை மாற்றி முதுகலைக்கு நடத்துவது எவ்வளவு எளிது என்று நான் உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இதற்கு நடுவே கற்றல் விளைவு அட்டவணை என்று ஒன்று வந்திருக்கிறது. ஒரு தாளின் விளைவுகள் முழுப் படிப்பின் விளைவுகளோடு எவ்வளவு பொருந்துகின்றன என்று ஒவ்வொரு கட்டத்திலும் 1, 2, 3 என்று எண் போட வேண்டும். அதை நிரப்புவதில் இளம் ஆசிரியர்கள் ஒரு வாரத்தைச் செலவிடுகிறார்கள். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரும்போது காட்டுவதற்கு உதவும் என்பதைத் தவிர அதனால் ஒரு தாள் திருந்தியதாக நான் கண்டதில்லை.

நூல் பட்டியலைப் பற்றியும் ஒரு வார்த்தை. கல்யாணப் பத்திரிகையில் பெரியவர்கள் பெயரைப் போடுவது போல, கிடைக்காத நூல்களை எல்லாம் மரியாதைக்காகப் போட்டு வைக்கிறோம். நூலகத்தில் இல்லாத நூல் பட்டியலில் இருக்கக் கூடாது. இருந்தாக வேண்டுமானால் வாங்கித் தருவதாக நூலகர் எழுதித் தர வேண்டும். புதிதாக ஒன்றைச் சேர்க்கும்போது பழையதில் எதை எடுக்கிறோம் என்பதும் அதே தீர்மானத்தில் வர வேண்டும். எடுப்பது கடினம், ஏனென்றால் ஒவ்வொரு பழைய தாளுக்கும் அதை நடத்தும் ஒருவர் அந்த மேசையிலேயே உட்கார்ந்திருக்கிறார், அவர் பெரும்பாலும் மூத்தவர். அவர் ஓய்வுபெற்ற பிறகும் நடத்த ஆளில்லாமல் தாள் மட்டும் பட்டியலில் தொடர்வதை எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் பார்க்கலாம். வெளி வல்லுநரின் பயன் இங்கேதான். உள்ளே இருப்பவர் வாய்விட்டுச் சொல்ல முடியாததை அவரால் சொல்ல முடியும், அதற்கு வரைவு அவர் கையில் முன்கூட்டியே இருக்க வேண்டும்.

ஆகவே நடைமுறையில் மாற்றக்கூடிய சிலவற்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அஜெண்டாவைக் கூட்டத்துக்குப் பதினைந்து நாள் முன்பாக அனுப்புங்கள். ஒவ்வொரு புதிய தாளோடும் ஒரு மாதிரி வினாத்தாளையும், வகுப்புக்கு வெளியே உள்ள மணி நேரங்களுக்கான அரைப்பக்கத் திட்டத்தையும் இணையுங்கள். வெளி வல்லுநர் ஒவ்வொருவருக்கும் இரண்டு தாள்களைப் பிரித்துக் கொடுத்து எழுத்தில் கருத்து வாங்குங்கள். ஒரு தாளைத் திருப்பி அனுப்பினால், ஏன் என்று மினிட்ஸில் மூன்று வரியாவது எழுதுங்கள்; அடுத்த ஆண்டு அதே தாளைத் திருத்திக் கொண்டுவரும் உதவிப் பேராசிரியர் யாரிடமும் போய் நிற்காமல் அந்த மூன்று வரியிலிருந்தே வேலையைத் தொடங்கலாம்.

இனி உங்கள் கேள்விகளைக் கேட்கலாம்.