காமன் கம்பம்

நேயர்களுக்கு வணக்கம்.

மாசி அமாவாசை கழிந்துவிட்டால் தோட்டத்துப் பெரியவர்கள் அந்தி நேரத்தில் மேற்கு வானத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். மூன்றாம் பிறை கண்ணில் பட்டால் காமன் ஊன்றலாம், அதாவது மன்மதனுக்கான கம்பத்தை நடலாம். அன்றிலிருந்து பௌர்ணமி வரை, ஏறக்குறைய 12 இரவுகள், இலங்கை மலையகத்தின் காமன் பொட்டல்களில் தப்புப் பறையின் சத்தம் கேட்கும்.

இந்தத் தோட்டங்களில் கோப்பி பயிரிட்ட காலத்தில் திருச்சி, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கமிருந்து கால்நடையாக வந்த சனங்கள் கொண்டுவந்த வழிபாடு இது. கோப்பி அழிந்து தேயிலை வந்தது, காமன் போகவில்லை. இன்று பலரும் இதை ஒரு கூத்தாக மட்டுமே பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால் அது பாதிக் கணக்கு. காமன் என்பது முதலில் ஒரு நேர்த்திக்கடன். அதன் நடுவில் நிற்பது ஆட்டக்காரர் அல்ல, கம்பம்.

கம்பத்துக்கு வேண்டிய சாமான் தோட்டத்துக்குத் தோட்டம் கொஞ்சம் மாறும். கரும்பு, ஆமணக்கு, மாவிலைக் கொத்து, அரசங்கொப்பு ஆகியவை பொதுவாக இருக்கும். கரும்பு மன்மதனுடைய வில். மாம்பூ அவனுடைய ஐந்து கணைகளில் ஒன்று. ஆக, ஊன்றப்படுவது மன்மதனேதான். குழி தோண்டி, பூசை முடித்து நட்டு, வைக்கோல் புரியால் சுற்றி, அடியில் வரட்டி அடுக்குவார்கள். தவறு நடப்பதும் இங்கேதான். 1800 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியா போன்ற இடத்தில் பகலில் வெயில் அடித்தாலும் இரவுப் பனி வைக்கோலுக்குள் இறங்கிவிடும். கம்பத்தை எரிக்கும் கடைசி இரவில் அது பற்றாமல் புகைந்துகொண்டு நின்றால் சனங்களின் முகம் வாடிவிடும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் முதல் நாளிலேயே எல்லா வைக்கோலையும் சுற்றிவிடமாட்டார்கள். ஒரு பங்கைக் காம்பராவுக்குள், அதாவது குடியிருக்கும் அறைக்குள், காயவைத்திருந்து தகனத்துக்கு முன்பு சேர்ப்பார்கள்.

தப்புக்கும் அதே தொல்லை. தப்பு என்பது மரச்சட்டத்தில் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டிய மாட்டுத்தோல். ஈரம் ஏறினால் தோல் தளர்ந்து சத்தம் அமுங்கிப்போகும். நெருப்பில் காட்டிக் காட்டித்தான் அடிக்க வேண்டும். அதிகம் காட்டினால் பசை விட்டுவிடும், அல்லது தோல் கிழியும். நெருப்புப் பக்கத்தில் நின்று விரலால் தட்டிப் பதம் பார்க்கிற ஆள் இல்லாத குழு நடுச்சாமத்தில் தடுமாறும். நீண்ட மெல்லிய குச்சி ஒரு கையிலும் குட்டையான தடித்த குச்சி மறு கையிலுமாக விடியவிடிய அடிக்கிறவர்களை மாற்றிவிடவும் ஆள் வேண்டும்.

வேடம் கட்டுகிறவர்கள் காப்புக் கட்டி விரதம் இருப்பார்கள். மாமிசமும் சாராயமும் ஆகாது, சாவு வீட்டுக்குப் போகக்கூடாது. ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் காம்பராக்கள் உள்ள லயத்தில் இந்தக் கடைசி விதியைக் காப்பாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று லயத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும்!

தகன இரவு பௌர்ணமி என்பதால், பௌர்ணமியைப் போயா என்று சொல்லும் நம் நாட்டில் அது நவம் போயாவாகவோ மெதின் போயாவாகவோ வந்து விடுமுறை கிடைக்கிறது. கொழும்பில் கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகள் வீடு வர அது பெரிய வசதி. பழைய சாஸ்திரத்துக்கும் அரசாங்கக் கலண்டருக்கும் இப்படி ஒரு பொருத்தம்.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். சிவன் தவத்தில் இருக்கிறார், தேவர்கள் தவிக்கிறார்கள், தூதன் ஓலை கொண்டுவருகிறான், தவத்தைக் கலைக்க மன்மதன் புறப்படுகிறான். ரதி மறிக்கிறாள். கெட்ட கனவு கண்டேன், போகாதே என்கிறாள். இருவரும் மாறி மாறிப் பாடும் இந்தத் தர்க்கம்தான் இரவின் உயிர். ரதியாக ஆடுவதும் ஆண்தான். குரல் கனிந்த ஆள் கிடைத்துவிட்டால் தர்க்கம் மணிக்கணக்கில் நீளும், ஒருவரும் எழுந்து போகமாட்டார்கள். பிறகு கணை பாய்கிறது, நெற்றிக்கண் திறக்கிறது, கம்பம் எரிகிறது. மன்மதன் வேடக்காரரைத் துணியால் மூடிக் கிடத்துகிறார்கள். ரதியின் பாட்டு ஒப்பாரியாக மாறும்போது சுற்றி நிற்கும் பெண்கள் வேடத்துக்காக மட்டும் அழுவதில்லை. அவரவர் வீட்டுச் சாவு அந்த மெட்டோடு வந்துவிடும்.

இப்போது விழா மேடைகளில் காமன் கூத்தை 30 நிமிடத்தில் ஆடிக்காட்டச் சொல்கிறார்கள். ஆடட்டும், நல்லதுதான். சுருக்கும் வாத்தியார்களுக்கு இரண்டே விஷயம் சொல்வேன். தூதன் வரவையும் எமன் வரவையும் குறையுங்கள், ரதி மன்மதன் தர்க்கத்தில் கைவைக்காதீர்கள். தீ கண்ணுக்கு அழகாக இருக்கிறது என்று அதோடு திரையை மூடிவிடவும் வேண்டாம். தோட்டத்தில் தகனத்தோடு காமன் முடிவதில்லை. மூன்றாம் நாள் எரிந்த இடத்தில் பால் தெளித்து உயிர் எழுப்புகிறார்கள். ரதியின் கண்ணுக்கு மட்டும் தெரிய வேண்டும் என்ற வரத்தோடு மன்மதன் எழுந்த பிறகுதான் காப்பை அவிழ்ப்பார்கள்.