கரி படிந்த சுவர்

அவையோருக்கு வணக்கம்.

யூத சமயத் தலைமையில் பிறர் துயரத்துக்கும் பிறர் மகிழ்ச்சிக்கும் என்ன இடம் என்பது இன்றைய பேச்சு. விளக்கம் சொல்லித் தொடங்குவதைவிட ஒரு வீட்டிலிருந்து தொடங்குகிறேன். அந்த வீட்டின் சுவர்கள் கருப்பாக இருந்தன.

கி.பி. 70இல் ரோமானியர்கள் எருசலேம் ஆலயத்தை இடித்துத் தீக்கிரையாக்கினார்கள். பலிபீடம் போயிற்று, குருக்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. மிச்சமிருந்த அறிஞர்கள் யவ்னே என்ற ஊரில் கூடி, வேதத்தையும் வழிபாட்டையும் வைத்தே ஒரு சமூகத்தைத் திரும்ப எழுப்பினார்கள். அந்த அவையின் தலைவர் ரபான் கமாலியேல். விவிலியம் படித்தவர்களுக்கு அப்போஸ்தலர் நடபடிகளில் வரும் கமாலியேலைத் தெரிந்திருக்கும். அவருடைய பேரன் இவர். சிதறிக் கிடந்த சமூகத்தை ஒரே ஒழுங்குக்குள் கொண்டுவந்தாக வேண்டும் என்ற கவலை அவருக்கு இருந்தது. அதனால் கண்டிப்பானவர்.

மாலைத் தொழுகை கட்டாயமா, விருப்பமா என்று ஒரு வாதம் எழுந்தது. கட்டாயம் என்றார் தலைவர். ரபி யோசுவா என்ற மூத்த அறிஞர் (ரபி என்றால் சமய ஆசான்), விருப்பம்தான் என்று ஒரு மாணவனிடம் சொல்லியிருந்தார். அது அவைக்குத் தெரிந்துவிட்டது. கமாலியேல் அவரை எழுந்து நிற்கச் சொன்னார். நிற்க வைத்துவிட்டுத் தாம் உட்கார்ந்தபடி பாடம் நடத்திக்கொண்டே போனார். நரைத்த ஒரு மனிதர் நிற்கிறார். பாடம் முடிகிற வழியாக இல்லை. கூட்டம் முணுமுணுத்தது. கடைசியில் பாடத்தை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தவரைப் பார்த்து "நிறுத்து" என்று குரல் கொடுத்தார்கள். அன்றே கமாலியேலைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டு, எலெயாசர் பென் அசரியா என்பவரை அமர்த்தினார்கள். வாசலில் நின்ற காவலனையும் நீக்கினார்கள். உள்ளும் புறமும் ஒன்றாக இல்லாத மாணவன் நுழையக் கூடாது என்று கமாலியேல் போட்டிருந்த விதி அத்தோடு போயிற்று. அன்றைக்கு அந்தக் கூடத்தில் நானூறு இருக்கைகள் கூடின என்கிறது தல்மூத், அதாவது யூத அறிஞர்களின் வாதங்களும் கதைகளும் அடங்கிய பழைய தொகுப்பு. எழுநூறு என்பாரும் உண்டு.

கமாலியேல் மனம் வருந்தினார். மன்னிப்புக் கேட்க யோசுவாவின் வீட்டுக்குப் போனார். இத்தனை ஆண்டுகள் ஒரே அவையில் இருந்தவர்கள். உள்ளே காலெடுத்து வைத்ததும் சுவர்கள் கண்ணில் பட்டன. "உம் வீட்டுச் சுவரைப் பார்த்தால் நீர் கரித்தொழில் செய்பவர் என்று தெரிகிறதே" என்றார். கரி சுடுபவர் என்பது ஒரு பொருள், கொல்லர் என்பது இன்னொன்று. எருசலேம் தல்மூத் என்ற இன்னொரு தொகுப்பில் அவர் ஊசி செய்பவராக வருகிறார். எப்படியானாலும் பகலில் வேதம், மற்ற நேரத்தில் நெருப்பு.

யோசுவா சொன்ன பதிலை முடிந்தவரை நெருக்கமாகச் சொல்கிறேன்: "நீர் தலைவராக இருக்கும் தலைமுறைக்கு ஐயோ! அறிஞர்கள் படும் பாடு உமக்குத் தெரியவில்லை. எதை வைத்துப் பிழைக்கிறார்கள், எதைத் தின்கிறார்கள் என்பது தெரியவில்லை."

இந்த வரிதான் இன்று என்னை உங்கள் முன் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. தம்மை நிற்க வைத்ததைப் பற்றி யோசுவா ஒரு சொல்கூடச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். சட்ட வாதத்தையும் எடுக்கவில்லை. சுவர் கருத்திருப்பது இன்றைக்குத்தானே உமக்குத் தெரிகிறது என்பதுதான் குற்றச்சாட்டு.

கமாலியேல் கல்நெஞ்சக்காரர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். விவிலியத்தின் புலம்பல் நூலுக்கான மித்ராஷ் என்ற பழைய விளக்க உரையில் அவரைப் பற்றி வேறொரு செய்தி இருக்கிறது. அவருடைய பக்கத்து வீட்டில் ஒரு பெண். இளம் மகனைப் பறிகொடுத்தவள். இரவெல்லாம் அழுவாள். அந்தக் குரல் கேட்கும்போது கமாலியேலுக்கு இடிந்துபோன ஆலயம் நினைவுக்கு வரும். அவளோடு சேர்ந்து அவரும் அழுவார், இமை மயிர் உதிரும் வரை. அவருடைய மாணவர்கள் இதைக் கண்டுகொண்டார்கள். என்ன செய்தார்கள் தெரியுமா? அந்தப் பெண்ணை அங்கிருந்து குடிமாற்றினார்கள்.

இந்த இரண்டு கதைகளையும் நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கிறேன். சேர்த்துப் படிக்க வேண்டும் என்று யாரும் விதிக்கவில்லை; என் வழக்கம் அது. கமாலியேல் அழுதது பொய்யில்லை. ஆனால் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தபடி அழுதார். அவள் மகனுக்காக அழுதாள், அவர் ஆலயத்துக்காக அழுதார். அந்தக் கதையில் அவர் அவள் வாசலுக்குப் போனதாக இல்லை. மாணவர்கள் குருவின் மேல் வைத்த அக்கறையில், துயரத்தையே அவர் காதுக்கு எட்டாத தூரத்துக்கு அனுப்பிவிட்டார்கள். பெரிய பதவியில் இருப்பவர்களைச் சுற்றி இப்படிப்பட்ட மாணவர்கள் எப்போதும் இருக்கிறார்கள். நல்ல எண்ணத்தோடுதான் இருக்கிறார்கள். அதுதான் பயமாக இருக்கிறது.

இளகிய மனம் மட்டும் போதாது, கால் நடக்க வேண்டும் என்று அந்த மரபு கேட்கிறது. மோசேயின் கதையிலேயே இது தொடங்கிவிடுகிறது. அரண்மனையில் வளர்ந்த மோசே "தன் சகோதரரிடத்தில் போய்" அவர்கள் சுமப்பதைப் பார்த்தான் என்கிறது யாத்திராகமம். பார்த்தான் என்றால் என்ன? மித்ராஷ் விளக்குகிறது: ஒவ்வொருவரின் சுமைக்கு அடியிலும் தன் தோளைக் கொடுத்தான். பின்னாளில் அமலேக்கியரோடு போர் நடந்தபோது, கையை உயர்த்தி நின்ற மோசேக்குக் கை ஓய்ந்துபோகிறது; ஒரு கல்லைப் போட்டு உட்கார வைக்கிறார்கள். தல்மூத் கேட்கிறது: மோசேக்கு ஒரு மெத்தை கிடைக்கவில்லையா, ஒரு தலையணை கிடைக்கவில்லையா? அதுவே பதிலும் சொல்கிறது: மக்கள் துன்பத்தில் இருக்கும்போது நானும் அவர்களோடு துன்பத்தில் இருக்கிறேன் என்று கல்லைத் தேர்ந்துகொண்டார்.

வேதத்தைக் கைவசப்படுத்த 48 குணங்கள் வேண்டும் என்று பிர்கே ஆவோத் என்ற பழைய அறிவுரை நூலின் ஆறாம் அதிகாரம் பட்டியல் போடுகிறது. அதில் ஒன்று, தோழனோடு சேர்ந்து நுகம் சுமப்பது. உழவு பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரே நுகத்தடியில் பூட்டிய இரண்டு மாடுகளில் ஒன்று தளர்ந்தால், அடுத்ததன் கழுத்து அதை உடனே அறியும்.

இடிவதற்கு முன் எருசலேம் ஆலயத்தில் ஒரு வழக்கம் இருந்ததாக மிஷ்னா என்ற பழைய சட்டத் தொகுப்பு சொல்கிறது. ஆலய மலைக்கு வருபவர்கள் எல்லோரும் வலப்புறமாகச் சுற்றி இடப்புறமாக வெளியேறுவார்கள். துக்கம் நேர்ந்தவர் மட்டும் எதிர்த்திசையில் இடப்புறமாகச் சுற்றி வருவார். கூட்டம் முழுவதும் அவருக்கு எதிரே வரும். ஒவ்வொரு முகமும் அவர் முகத்தைப் பார்த்தாக வேண்டும். "ஏன் இடப்பக்கமாக வருகிறீர்?" என்று கேட்பார்கள். "துக்கத்தில் இருக்கிறேன்" என்பார். "இந்த இல்லத்தில் வாழ்பவர் உமக்கு ஆறுதல் தருவாராக" என்று சொல்லிவிட்டுக் கடப்பார்கள். முகம் தெரியாதவன் துக்கத்தைக்கூடக் கேட்காமல் கடந்துபோக முடியாதபடி வழியையே வகுத்திருக்கிறார்கள்.

துக்க வீட்டில் எப்படி நடந்துகொள்வது என்பதற்கும் அவர்களிடம் முறை உண்டு. ஏழு நாட்கள் துக்கம். இழந்தவர்கள் தாழ்வான இருக்கையில் உட்காருவார்கள். அடக்கம் முடிந்து வந்ததும் முதல் சாப்பாடு அக்கம்பக்கத்தார் கொண்டுவருவது. மைசூர்ப் பருப்பு கொடுப்பார்கள்: மற்ற பருப்புகளுக்கு வாய்போல் ஒரு பிளவு உண்டு, இதற்கு இல்லை; துக்கப்படுபவனுக்கும் வாயில்லை. இழந்தவர் வாய் திறக்கும் வரை வந்தவரும் பேசக் கூடாது. வேதம் கரைத்துக் குடித்த ரபியாக இருந்தாலும் இதே விதிதான்.

அப்படி மௌனமாகச் சேர்ந்திருப்பது எப்படி இருக்கும் என்பதற்கு ரபி யோகனானின் கதை ஒன்று போதும். மூன்றாம் நூற்றாண்டு, திபேரியா. பேரழகர் என்று பெயர் பெற்றவர். பத்துப் பிள்ளைகளையும் பறிகொடுத்தவர். பத்தாவது பிள்ளையின் சிறு எலும்பு ஒன்றை எப்போதும் கூடவே வைத்திருந்தார். நோயில் கிடந்த எலெயாசர் என்ற இன்னொரு ரபியைப் பார்க்க அவர் போகிறார்; யவ்னேயில் தலைவரானவர் அல்ல, அதே பெயர் கொண்ட வேறொருவர். இருட்டு அறை. யோகனான் தம் கையை மூடியிருந்த ஆடையை விலக்குகிறார், அந்த அழகின் வெளிச்சத்தில் எலெயாசர் அழுவது தெரிகிறது. "ஏன் அழுகிறீர்?" என்று கேட்டுவிட்டு, நாம் எல்லோரும் செய்வதையே அவரும் செய்கிறார்: காரணத்தை ஊகித்து ஆறுதல் அடுக்குகிறார். போதுமான அளவு கற்கவில்லையே என்றா? அதிகமோ கொஞ்சமோ, மனம் நேராக இருந்தால் போதும். வறுமைக்காகவா? கல்வி, செல்வம் என்று இரண்டு மேசையும் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. பிள்ளையில்லை என்றா? இதோ பாரும், என் பத்தாவது பிள்ளையின் எலும்பு.

மூன்றும் பொருந்தவில்லை. தம் வாழ்க்கையின் மிகப் பெரிய துயரத்தை எடுத்து நீட்டியும் அது அந்த அறைக்குரிய துயரமாக இல்லை. எலெயாசர் சொல்கிறார்: "மண்ணில் மக்கிப்போகப் போகிற இந்த அழகுக்காக அழுகிறேன்." யோகனானிடம் அதற்கு ஆறுதல் இல்லை. "அதற்காகவென்றால் நீர் அழ வேண்டியதுதான்" என்கிறார். இருவரும் சேர்ந்து அழுகிறார்கள். அப்புறம் யோகனான் ஒரு கேள்வி கேட்கிறார்: "இந்தத் துன்பங்கள் உமக்குப் பிடித்திருக்கின்றனவா?" துன்பத்துக்கு மறுமையில் பலன் உண்டு என்று நம்பிய காலம் அது. பதில்: "துன்பமும் வேண்டாம், அதன் பலனும் வேண்டாம்." "கையைக் கொடும்" என்றார். கொடுத்தார். எழுப்பி விட்டார்.

இதே யோகனான் இன்னொரு முறை நோயில் படுத்தபோது, அவரை எழுப்ப ரபி அனினா வர வேண்டியிருந்தது. பிறரை எழுப்பியவர் தம்மையே எழுப்பிக்கொள்ளக் கூடாதா என்று கேட்டு, தல்மூத் பதில் சொல்கிறது: சிறைப்பட்டவன் தன்னைத்தானே விடுவித்துக்கொள்ள முடியாது.

துயரத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். பிறர் மகிழ்ச்சியில் கலப்பது இன்னும் கடினம் என்பது என் எண்ணம். துக்க வீட்டில் பெரிய மனிதரின் மதிப்பு குறைவதில்லை, கூடவே செய்யும். கல்யாண வீட்டில் ஆடினால் மதிப்பு என்னாவது? ரபி சாமுவேல் பார் ஈசாக்கு மணப்பெண்ணுக்கு முன்னால் மிர்ட்டில் என்ற நறுமணச் செடியின் மூன்று கிளைகளை எறிந்து பிடித்து ஆடுவாராம். ரபி செய்ரா முகம் சுளித்தார்: "கிழவர் நம் மானத்தை வாங்குகிறார்." சாமுவேல் இறந்தபோது அவருக்கும் உலகத்துக்கும் நடுவே ஒரு நெருப்புத் தூண் நின்றதாம். அப்போது செய்ரா சொன்னார்: அவருடைய கிளை அவரைக் கரை சேர்த்தது. அவருடைய அசட்டுத்தனம் கரை சேர்த்தது என்றும், அவருடைய வழி கரை சேர்த்தது என்றும் வேறு பாடங்கள் உண்டு. அவர்கள் பேசிய அரமேய மொழியில் கிளை, அசட்டுத்தனம், வழி மூன்றும் ஏறக்குறைய ஒரே ஒலியுள்ள சொற்கள்.

மணப்பெண்ணை எப்படிப் பாராட்டிப் பாடுவது என்ற வாதத்தில் ஷம்மாய் வழியினர், அவள் எப்படி இருக்கிறாளோ அப்படியே சொல்ல வேண்டும் என்றார்கள். எந்த மணப்பெண்ணும் அழகிதான், இனியவள்தான் என்று பாடச் சொன்னார்கள் இல்லேல் வழியினர். அதிலிருந்து அறிஞர்கள் எடுத்துக்கொண்ட விதி: மனிதனின் மனம் எப்போதும் மற்றவர்களோடு கலந்திருக்க வேண்டும்.

பழங்கதைகளோடு இது நின்றுவிடவில்லை. எருசலேமில் ஆர்யே லெவின் என்ற ரபி இருந்தார், 1885 முதல் 1969 வரை வாழ்ந்தவர். பிரிட்டிஷ் ஆட்சியில் சிறையில் கிடந்தவர்களை ஓய்வுநாள்தோறும் நடந்தே போய்ப் பார்த்தார். அவர்கள் சொல்லி அனுப்பியதை மனதில் வைத்திருந்து குடும்பங்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். தொழுநோயாளர் மருத்துவமனைக்கும் போனார். மனைவியோடு மருத்துவரிடம் சென்ற அவர் "டாக்டர், என் மனைவியின் கால் எங்களுக்கு வலிக்கிறது" என்று சொன்னதாக இன்றும் சொல்கிறார்கள்.

வார்சாவில் பியாசெச்னோ ரபி கலோனிமுஸ் கல்மான் ஷபிரா. 1939 செப்டம்பர் குண்டுவீச்சில் ஒரே மகனை இழந்தார். யூதர்களை நாஜிகள் அடைத்துவைத்த கெட்டோ என்ற பகுதிக்குள்ளும் 1942 கோடை வரை தம் மக்களுக்கு உரை நிகழ்த்தினார். மறைவான அறைகளில் கடவுளே அழுகிறார் என்ற பழைய தல்மூத் வரியை எடுத்து, அந்த அறைக்குள் நுழைந்து கடவுளோடு சேர்ந்து அழலாம் என்று பசித்துக் கிடந்தவர்களுக்குச் சொன்னார். 1943இல் கொல்லப்பட்டார். கையெழுத்துப் பிரதிகள் மண்ணுக்கடியில் புதைக்கப்பட்டிருந்தன. போருக்குப் பின் எடுத்து, 1960இல் அச்சிட்டார்கள். தம் மகனின் துயரத்தை அவர் மறைக்கவில்லை. ஆனால் எதிரே உட்கார்ந்திருந்தவர்களின் துயரத்தை அதைக்கொண்டு மூடவும் இல்லை. கமாலியேலால் சுவருக்கு இந்தப் பக்கம் செய்ய முடியாமல் போனது இதுதான் என்று நினைக்கிறேன்.

அந்தக் கருத்த வீட்டுக் கதை இன்னும் முடியவில்லை. கமாலியேல் மன்னிப்புக் கேட்டார். யோசுவா முகம் கொடுக்கவில்லை. "என் தந்தையின் பெயருக்காக" என்று கெஞ்சினார். அப்போது இளகினார். இருவரும் சமாதானமானதை அவைக்கு யார் போய்ச் சொல்வது? ஒரு சலவைத் தொழிலாளி "நான் போகிறேன்" என்றார். செய்தி போனது, ஆனால் கமாலியேலின் ஆட்கள் வந்து தொல்லை கொடுப்பார்கள் என்று பயந்து உள்ளே இருந்தவர்கள் கதவைத் தாழிட்டுக்கொண்டார்கள். அதைக் கேட்டு, அவையில் நிற்க வைக்கப்பட்ட அதே யோசுவா, தாமே எழுந்து போனார். தம்மை நிற்க வைத்தவருக்காகக் கதவைத் தட்டினார்.

உள்ளே இருந்த ரபி அகிவா கேட்டார்: "ரபி யோசுவா, மனம் ஆறிவிட்டீரா? நாங்கள் செய்ததெல்லாம் உமது மானத்துக்காகத்தானே. அப்படியென்றால் நாளை விடிந்ததும் நீரும் நானும் அவர் வாசலுக்குப் போவோம்."