தீர விசாரித்த செய்தி எங்கே?

தலைமை தாங்கும் அதிபர் ஐயா அவர்களே, வேலைகளுக்கிடையிலும் வந்திருக்கும் பிரதேச செயலாளர் அவர்களே, கிராம அலுவலர் அவர்களே, கதிரை போதாமல் பின்னால் நிற்கும் கமக்காரர் அமைப்புத் தலைவர் அவர்களே (மன்னிக்க வேண்டும்), மாதர் சங்கத்து அம்மாமாரே, பிள்ளைகளே, வணக்கம்.

ஊடக அறம் பற்றி மூன்று விஷயம் பேச வந்தேன்: வேகம், விளம்பரம், விசாரணை. “கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்.” ஏறுகிற மேடையெல்லாம் இதைத்தான் சொல்கிறேன் என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

போன மாரியில் ஓரிரவு வட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. இரணைமடுக் குளத்து வான்கதவெல்லாம் திறந்தாச்சு, அணைக்கட்டு தாங்காது என்று ஒரு குரல். தண்ணீர் பாய்ந்தது உண்மைதான். ஆனால் அது 2018 டிசம்பர் வெள்ளத்தில் எடுத்த காட்சி. எப்போது எடுத்தது என்று யார் பார்த்தார்கள்? எங்கள் ஒழுங்கைக்காரர் ஒருவர் லாண்ட்மாஸ்டரில் நெல்மூட்டை, மனைவி, மாமியார், ஆடுகள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ஏ9 வீதிக்கே போய்விட்டார். அங்கே போய் இறக்கும்போதுதான் தெரிந்தது, மாமியாரின் மருந்துப் பை வீட்டில் கிடக்கிறது, ஏற்றி வந்ததில் ஓர் ஆடு பக்கத்து வீட்டுக்காரருடையது! ஆட்டுக்காரர் விடிய விடியத் தேடியிருக்கிறார், வெள்ளத்தையல்ல, ஆட்டை.

சிரிக்கிறோம், சரி. ஆனால் 2009 வரை இடம்பெயர்ந்தே பழகிய சனம் இது. ஓடு என்றால் ஏன் என்று கேட்காது. அந்த வீடியோவை ‘அதிர்ச்சி’ என்று தலைப்புப் போட்டு ஒரு செய்தித்தளமும் ஏற்றியது. காலையில் சத்தமில்லாமல் நீக்கியது. திருத்தம் என்று ஒரு வரி இல்லை. பத்திரிகையாளர் நிமலராஜன் செய்த தொழிலா இது? 2000 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தில் தன் வீட்டிலேயே கொல்லப்பட்ட மனிதர் அவர்.

தீர விசாரிப்பது பத்திரிகைக்காரர் மட்டும் செய்யும் வேலையுமல்ல. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. விண்ணப்பித்தால், தருவதா இல்லையா என்று தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். பிரதேச செயலாளர் முன்னால் இருக்கிறார், அந்தத் துணிவில் கேட்கிறேன்: நம் வாசிகசாலை ஏன் பூட்டிக் கிடக்கிறது? மேசையெல்லாம் வௌவால் எச்சம். அதைத் திறந்து நாளுக்கு இரண்டு பத்திரிகை போட்டு, அந்த விண்ணப்பப் படிவத்தையும் ஒரு கட்டு வைத்தால், வட்ஸ்அப்பில் வந்ததை நாலு பேர் கூடி விசாரிக்க ஓர் இடம் கிடைக்கும்.

வேகமும் விளம்பரமும் இருக்கட்டும். தலைவர் மணியைத் தொடுகிறார். வாசிகசாலைப் பூட்டின் திறப்பு யாரிடம் என்று இந்தச் சபையில் யாராவது சொல்லுங்கள். நாளைக் காலை தும்புத்தடியோடு வருகிறேன்.