மீனாட்சிபுரத்தில் ஏன் இறங்கி ஏற வேண்டும்?

(காட்சி: நாகர்கோவில் வரைபடம். கோடுகள் எல்லாம் அண்ணா பஸ் ஸ்டாண்டில் வந்து முடிகின்றன.)

தெங்கம்புதூரில் இருந்து ஒரு அம்மா ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறார் என்று வையுங்கள். டவுன் பஸ்ஸில் அண்ணா பஸ் ஸ்டாண்ட் இருக்கும் மீனாட்சிபுரம் வந்து, இறங்கி, அடுத்த பஸ்ஸுக்குக் கால் கடுக்க நிற்கிறார். மூட்டு வலிக்காரருக்கு அந்த நிற்பதுதான் பெரிய பாடு.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஊர் எங்கே முடிகிறது, டவுன் எங்கே தொடங்குகிறது என்று சொல்வது கஷ்டம். 2011 கணக்கெடுப்பின்படியே நூற்றுக்கு 80 பேருக்கு மேல் நகர்ப்புறத்தில் இருந்தார்கள். 2019-ல் நாகர்கோவில் மாநகராட்சியும் ஆகிவிட்டது. தோப்பும் வயலும் மனையாகிற இடங்களில் எல்லாம் ஒரே கோரிக்கை: "பஸ் எங்க தெரு வழியா வரணும்."

நியாயமான ஆசைதான். ஆனால் கணக்கைப் பாருங்கள்.

(காட்சி: கடிகாரம், ஆறு பஸ்கள்.)

10 கிலோமீட்டர் தடம், மணிக்கு 15 கிலோமீட்டர் வேகம். போக 40 நிமிடம், வர 40, ஓய்வுக்கு 10. மொத்தம் 90. ஆறு பஸ் விட்டால் 15 நிமிடத்துக்கு ஒன்று வரும். இதையே தெருத் தெருவாக வளைத்து, போகும்போது 15 நிமிடம், வரும்போது 15 நிமிடம் கூட்டினால் 120 ஆகிவிடும். அதே ஆறு பஸ், இப்போது 20 நிமிடத்துக்கு ஒன்றுதான். ஒரு தெருவுக்கு மிச்சமான நடையை, தடம் முழுக்க நிற்பவர்கள் காத்திருந்து ஈடுகட்டுகிறார்கள்.

அதனால் பெரிய பஸ் மெயின் ரோட்டில் நேராக ஓடட்டும். குளத்தங்கரை, கால்வாய்க்கரை ரோடுகளுக்கு மினி பஸ் போதும்.

அப்புறம், இரண்டு தடங்களை ஏன் ஒன்றாக்கக் கூடாது? தெங்கம்புதூரில் கிளம்பும் பஸ் மீனாட்சிபுரத்தில் ஆள் இறக்கி ஏற்றி, அப்படியே ஆசாரிப்பள்ளம் போகலாம். ஸ்டாண்டுக்குள் இடமும் மிச்சம். ஒரு சிக்கல் உண்டு: கோட்டாறு நெரிசலில் மாட்டினால் அந்தத் தாமதம் மறுமுனை வரை போகும். ஆகவே தடத்தை ரொம்ப நீட்டக் கூடாது.

எந்த இரண்டைச் சேர்ப்பது? டிக்கெட் மெஷின் இதைச் சொல்லாது. அந்த அம்மாவின் பயணம் அதில் இரண்டு தனித்தனி டிக்கெட்டாகத்தான் பதிவாகும். ஒரு வாரம், காலை 8 மணியிலிருந்து 10 மணி வரை, பஸ்ஸை விட்டு இறங்குபவர்களிடம் நேரில் கேட்க வேண்டும்:

"அடுத்து எங்க போணும்மா?"