ஈர்ப்பது புதிரா, விசாரணையா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வேலூர்ப் பெருமக்களே, வணக்கம்.

துப்பறியும் கதைகளும் காவல்துறைத் தொடர்களும் தலைமுறை கடந்து நம்மை ஈர்ப்பது புதிரால் அல்ல, விசாரணையால்தான் என்று வாதிட வந்திருக்கிறேன். குற்றவாளி யார் என்பது கடைசிப் பக்கம்வரை தெரியாமல் இருப்பதே இக்கதைகளின் உயிர் என்றார் எதிரணித் தலைவர். புதிருக்குச் சுவை இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் விடை தெரிந்த பிறகும் நாம் அவற்றைத் தேடிப் போகிறோமே, அதற்கு அவர் காரணம் காட்டவில்லை.

சிறுவயதில், கொசப்பேட்டையில் இருந்த ஒரு வாடகை நூலகத்திலிருந்து என் அத்தைக்கு மாத நாவல்கள் எடுத்து வருவேன். அவற்றுள் ஒன்றின் முதல் பக்கத்திலேயே யாரோ நீல மையில் "கொன்றது தாய்மாமன்" என்று எழுதி வைத்திருந்தார்கள். அதைப் பார்த்த பிறகும் அத்தை ஒரு வரி விடாமல் படித்தார். மறுமாதம் அதையே மீண்டும் எடுத்து வரச் சொன்னார்.

லெப்டினன்ட் கொலம்போ வரும் அமெரிக்கத் தொடரில், கொலையாளி யார் என்பதைப் பெரும்பாலும் தொடக்கத்திலேயே காட்டிவிடுவார்கள். கசங்கிய மழைக்கோட்டோடு விடைபெற்றுக் கதவுவரை போய், இன்னும் ஒன்றே ஒன்று கேட்க வேண்டும் என்று திரும்பும் அந்த மனிதருக்காகவே மக்கள் காத்திருந்தார்கள். 1893இல் கானன் டாயில் ஷெர்லக் ஹோம்ஸின் கதையை ஓர் அருவியில் முடித்தபோது, வாசகர்கள் வேறு புதிர் கேட்கவில்லை, ஹோம்ஸைத்தான் கேட்டார்கள். 1903இல் அவரை உயிரோடு திருப்பிக் கொண்டுவர வேண்டியதாயிற்று. அத்தகைய ஆங்கிலக் கதைகளைத் தழுவித் தமிழில் எழுதிக் குவித்த முன்னோடிகளில் ஒருவரான ஆரணி குப்புசாமி முதலியார் நம் பழைய வடாற்காட்டு ஊரின் பெயரைச் சுமந்தவர் என்பதை இந்த மேடையில் சொல்லாமல் போனால் எனக்கு மனம் ஆறாது.

ஆனால் விசாரணைக்கான தாகம் நமக்கு ஆங்கிலத்திலிருந்து வந்ததன்று. பாண்டியன் அவையில் கண்ணகி மன்னனை விளித்த சொல் "தேரா மன்னா" என்பது. கொன்றவனே என்று அவள் அழைக்கவில்லை, ஆராயாதவனே என்றாள். பிறகு ஒரு தடயத்தை வைத்தே வழக்கை வென்றாள்: அரசியின் சிலம்பில் முத்து, தன் சிலம்பில் மாணிக்கம். உள்ளே இருப்பது மாணிக்கம் என்பது நம் எல்லோருக்கும் முன்பே தெரியும். ஆனாலும் அந்தச் சிலம்பு உடைகிற இடத்தில் இன்றும் மூச்சை அடக்கிக்கொள்கிறோம்.

மீண்டும் அத்தையிடம் வருகிறேன். காட்பாடியிலிருந்து வந்த பேருந்தில் அவருடைய சங்கிலியை யாரோ அறுத்துவிட்டார்கள். புகாரை எழுதி வாங்கிக்கொண்டார்கள். எந்த நிறுத்தத்தில் ஏறினீர்கள், பக்கத்தில் யார் நின்றார்கள் என்று கடைசிவரை ஒருவரும் அவரைக் கேட்கவில்லை. அந்த நாவலில், வீட்டு வேலை செய்யும் மூதாட்டியைத் துப்பறிவாளர் நாற்காலியில் உட்காரவைத்து, "எனக்கு அவசரமில்லை அம்மா, பார்த்ததை முதலிலிருந்து சொல்லுங்கள்" என்று கேட்கும் இடம் ஒன்று உண்டு. அத்தை பேருந்துச் சீட்டை மடித்து அடையாளம் வைத்திருந்தது, தாய்மாமன் பிடிபடும் பக்கத்தில் அல்ல, இந்தப் பக்கத்தில்தான்.

வணக்கம்.